மேளத்தைத் தாண்டாத வண்டி

விக்டரின் காரைத் திருடன் கொண்டுபோயிருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும். விக்டர் அதைத் தானம் கொடுத்தார். நாலு மாதம் ஆயிற்று. இன்னும் கொடுத்து முடியவில்லை.

கார், பழைய வான்கார்ட். பின்பக்கம் நீளமாக, ஒரு ஆள் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம் போன்ற ரகம். விக்டர் கப்பல் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டையரானவர். மனைவி நோரா கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். அடையாறில் வீடு. இரண்டு தெரு தாண்டினால் ஊரூர்க் குப்பம். குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் முதலில் விக்டர் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள். சாமியைக் கூப்பிடுவதெல்லாம் காரில் ஏறின பிறகு. ஒன்பது வருஷத்தில் இருபத்தாறு பெண்களைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். இருபத்தாறு பேரும் குழந்தையோடு திரும்பினார்கள்.

இருபத்தேழாவது மர்சலின். போன வருஷம். அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கம் யாரோ குவித்துவைத்திருந்த சிமென்ட் குழாய்களை விக்டர் பார்க்கவில்லை. பகல் பதினோரு மணி, பளிச்சென்று வெயில், ஆள் உயரத்துக்குக் குழாய்கள். பார்க்கவில்லை. அச்சு மாட்டிக்கொண்டது. லாரிக்காரர்கள் வந்து தூக்கிவிட நாற்பது நிமிஷம். குழந்தை பிழைக்கவில்லை.

குப்பத்தில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் விக்டரால் தாங்க முடியவில்லை.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "ஒரு குழாய்க்குள்ள இருந்து பார்க்கிற மாதிரி தெரியுதா?"

"ஆமாம் டாக்டர்."

"குழாய் இன்னும் சின்னதாகும். இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க."

இந்த வருஷம் சித்திரையில் மர்சலின் கேட்டைத் தட்டினாள். கையில் ஒரு சங்கரா மீன், வாழை இலையில் சுற்றி.

"டீச்சரம்மா, மறுபடி அஞ்சு மாசம். ஆவணி கடைசின்னு சொல்லிக்கீறாங்க. போன தபா புள்ள தலைகீழா இல்லாம நேரா குந்திக்கினு இருந்துச்சாம், இப்பவும் அப்டி ஆவலாமாம். ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆவணும், குப்பத்துல பாத்தா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு நர்ஸம்மா சொல்லிச்சு." விக்டர் பக்கம் திரும்பினாள். "சார், கார் கீதில்ல?"

கார் இருந்தது. ஓட்ட ஆள் வைக்கப் பென்ஷன் இடம் கொடுக்காது. அன்று சாயங்காலமே விக்டர் சர்வஜன சகாய சபையைப் பற்றி விசாரித்தார். மயிலாப்பூர் லஸ் பக்கம் சபை. ஏழைகளுக்கு இலவச ஆம்புலன்ஸ் நடத்துவதற்காகவே ஆரம்பித்தது. டிரைவர் உண்டு, பெட்ரோல் நிதி உண்டு, ஷெட் உண்டு. கார் மட்டும்தான் இல்லை என்றார்கள்.

"மாதா புண்ணியம்," என்றார் விக்டர்.

நோரா கணக்கு டீச்சர். "பார்ப்போம்," என்றாள்.

* * *

சபையின் காரியதரிசி ஸ்ரீனிவாசராகவன் காரைப் பார்க்கவே இல்லை. விக்டரைத்தான் பார்த்தார், தலையிலிருந்து கால்வரைக்கும்.

"என்ன எதிர்பார்த்துண்டு கொடுக்கறேள்?"

"ஒண்ணும் இல்லை சார்."

ஸ்ரீனிவாசராகவன் பேனாவைக் கீழே வைத்தார். "இதான் எனக்குப் பிடிக்கலை. ஏதாவது எதிர்பார்க்கறவாளை எங்களால புரிஞ்சுக்க முடியும். மேடையிலே நாற்காலி, பேப்பர்ல போட்டோ, தகப்பனார் பேர்ல ஒரு கல்வெட்டு. சும்மா கொடுக்கறவாளைத்தான் சபை ரொம்ப ஜாக்கிரதையா விசாரிக்கும். ரெண்டு கெஜடட் ஆபீசர்கிட்டே நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிண்டு வாங்கோ."

"காருக்கா சார்?"

"உங்களுக்கு."

சான்றிதழ்கள் வர இருபது நாள் ஆயின. நன்னடத்தை நிரூபணமான அன்று, காரை ஷெட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். ஒரு நாள் கூலிக்கு ஆள் பிடித்து ஓட்டிவந்து விட்டபோதுதான் விக்டர் டிரைவர் மெஹபூப் அலியைப் பார்த்தார். ஷெட்டில் ஒரு ஸ்டூல். அதன்மேல் காக்கி உடுப்பு, இஸ்திரி மடிப்பு கலையாமல். உடுப்புக்குள் மெஹபூப் அலி. அவர் எழுந்து வந்து காரின் பானட்டைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"ஆறு வருசமா இந்த சபையில டிரைவரா கீறேன் சார். தெனம் காலையில எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுக்கினு குந்துவேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எய்ந்துக்கினு போவேன். இன்னிக்குத்தான் வண்டின்னு ஒண்ணைக் கண்ணால பாக்குறேன்."

"ஆறு வருஷமா கார் இல்லாமலேவா?"

"எத்தினியோ பேரு குடுக்க வந்தாங்க நைனா. நன்னடத்தை இல்லைன்னு திருப்பி அனுப்சிட்டாங்க."

விக்டர் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார். மெஹபூப் அலி வாங்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, காரியதரிசியைப் பார்த்தார். ஸ்ரீனிவாசராகவன் தலையை ஆட்டினார். சாவி ஒரு கவருக்குள் போயிற்று. கவர்மேல் அரக்கு வைத்தார்கள்.

"நீங்க கொடுத்தாச்சு, மிஸ்டர் விக்டர். ஆனா நாங்க இன்னும் வாங்கிக்கலை. வாகன ஏற்புக் குழு கூடணும். அதுவரைக்கும் வண்டி நகரப்படாது."

"எப்போ சார் கூடும்?"

"ஏகாதசிக்கு ஏகாதசி. மனசு சுத்தமா இருக்கும் பாருங்கோ."

முதல் ஏகாதசியன்று குழு கூடியது. ஐந்து பேர். நோயாளியின் நோக்கில் பரிசோதிப்பது என்று முடிவாகி, ஒருவர் மாற்றி ஒருவர் காரின் பின்பக்கத்தில் படுத்துப் பார்த்தார்கள். உபவாச நாள். மூன்றாவது அங்கத்தினர் தூங்கிப்போய்விட்டார். எழுப்புவது மரியாதையில்லை என்று மற்ற நாலு பேரும் சாயங்காலம்வரை காத்திருந்து கலைந்தார்கள். அடுத்த ஏகாதசிக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அதற்கடுத்த ஏகாதசியில் வெள்ளைப் பெயின்ட் அடிப்பதென்றும், நிர்வாக அங்கத்தினர் பெயர்களைக் கதவுகளில் எழுதுவதென்றும் தீர்மானித்தார்கள். அங்கத்தினர் நாற்பத்திரண்டு பேர். நாலு கதவும் நிறைந்து, இரண்டு பக்கத்து மட்கார்டிலும் இறங்கின. ஆம்புலன்ஸ் என்று எழுத இடம் போதவில்லை. அதைப் பின்பக்க பம்பருக்குக் கீழே எழுதினார்கள். தரையில் படுத்துப் பார்த்தால் நன்றாகத் தெரிந்தது.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியிலே யாராவது புதுசா ஒரு காரியத்தைத் தொடங்குவாளா?" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

* * *

ஆடி பதினெட்டாம் தேதி காலையில் மர்சலினுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. விக்டர் பஸ்ஸைப் பிடித்து மயிலாப்பூருக்கு ஓடினார். தெருவில் எதிரே வந்தவர்களையெல்லாம் இடித்துக்கொண்டு ஓடினார்; இடித்த பிறகுதான் அவருக்கு ஆள் தெரிந்தது.

மெஹபூப் அலி ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். "சாவியைக் குடுங்க சார், அஞ்சே நிமிசம்!"

"உட்காருங்காணும்," என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"சார், அந்தப் பொண்ணு ஒரு குழந்தையை ஏற்கெனவே பறிகொடுத்தவ. என் காரைத் திருப்பிக் கொடுத்துடுங்க. வேறே டிரைவர் வெச்சு நான் கொண்டுபோறேன்."

"அதெப்படி? கொடுத்ததைத் திரும்பக் கேக்க விதி இல்லை. நாங்க வாங்கிக்காததைத் திருப்பிக் கொடுக்கவும் விதி இல்லை. நீங்க படிச்சவர், யோசிச்சுப் பாருங்கோ." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "யாருக்கு வலின்னேள்?"

"மர்சலின்னு ஒரு பொண்ணு. குப்பத்திலே."

"மீனவ ஸ்திரீயா? ஏழையா? முன்னாடி ஒரு குழந்தை வேறே போயிடுத்தா? பேஷ், பேஷ்!"

மர்சலினுக்கு அன்று வந்தது சூட்டு வலி. மத்தியானத்துக்குள் நின்றுவிட்டது. ஆனால் சபையில் ஆரம்பித்தது நிற்கவில்லை. ஆம்புலன்ஸைத் தொடங்கிவைக்கும் விழாவுக்கு ஒரு முதல் பயனாளி வேண்டும் என்று மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் சபைத் தலைவர் பொன்ராஜ் குப்பத்துக்கே வந்துவிட்டார். தி.நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை அவருக்கு. ஊர் திருநெல்வேலிப் பக்கம். மணலில் செருப்பு புதையப் புதைய நின்று மர்சலினைச் சுற்றிப் பார்த்தார், தறியிலிருந்து வந்த சேலையைப் பார்ப்பதுபோல.

"கொள்ளாம். முகத்துல கஷ்டம் இருக்கு, ஆனா பாக்கிறவங்க முகம் சுளிக்கிற அளவுக்கு இல்ல. போட்டோவுல நல்லா விழும். என்னம்மா, முதல் பயனாளியா வாரியா? நம்ம கடையிலேருந்து ஒரு சேலை உண்டு."

"ஆம்புலன்சு வருமா சார்?" என்றாள் மர்சலின்.

"அது இல்லாமலா? ஆவணி பதினெட்டு, விழா. ரிப்பன் வெட்டினதும் மொத ஆளா நீதான் ஏறிப் போறே."

ஸ்ரீனிவாசராகவன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். 'மேற்படி விழா நிறைவுறும்வரை பிரசவிக்க மாட்டேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன்.' நோரா வாங்கிப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

மர்சலின் சிரித்தேவிட்டாள். "நான் கையெழுத்துப் போட்டுடுவேன் சார். உள்ள ஒண்ணு கீதே, அது போடணுமே?"

"அதுக்கு நீதானேம்மா கார்டியன்?" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

போட்டாள். வேறு வண்டி எங்கே இருக்கிறது? பெட்ரோல் விலை ஏறினதிலிருந்து டாக்சிக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. சைக்கிள் ரிக்‌ஷாவில் போனால் பாலத்தைத் தாண்டுவதற்குள் அரை உயிர் போய்விடும்.

ஆவணி பத்தாம் தேதி தபாலில் ஒரு கடிதம் வந்தது. தலைமை விருந்தினருக்குப் பதினெட்டாம் தேதி சௌகரியப்படவில்லை. இருபத்தைந்தாம் தேதிதான் ஒழிவு. ஆகவே பிரசவத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க இயலுமா என்பதைப் பயனாளியிடம் கேட்டுத் திரும்பு தபாலில் தெரிவிக்கவும்.

விக்டர் நேரில் போய்க் கத்தினார். வாழ்க்கையிலேயே அவர் கத்தினது அதுதான் முதல் தடவை. பழக்கம் இல்லாததால் இருமல் வந்துவிட்டது. ஸ்ரீனிவாசராகவன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"கோபப்படாதேங்கோ. முன்னாடியே பிறந்துட்டா நாங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டோம். வயித்திலே ஒரு தலைகாணியைக் கட்டிண்டு வந்து ஏறினாப் போறும். அழைப்பிதழ்லே நிறைமாத கர்ப்பிணின்னு அச்சடிச்சாச்சு."

* * *

பிறக்கவில்லை. உள்ளே இருந்த குழந்தை இருபத்தைந்தாம் தேதி காலை எட்டரை மணிவரை பொறுமையாக இருந்தது.

எட்டரைக்குப் பனிக்குடம் உடைந்தது. எட்டே முக்காலுக்குப் பொன்ராஜின் ஜவுளிக்கடை வேன் பயனாளியை அழைத்துப்போகக் குப்பத்துக்கு வந்தது. நோரா மர்சலினை வேனில் ஏற்றித் தானும் ஏறினாள்.

"நேரே கோஷா ஆஸ்பத்திரிக்கு விடுங்க," என்றார் விக்டர்.

"முதலாளி பந்தலுக்குன்னு சொல்லியிருக்காரு. பந்தல்ல எறக்கிட்டுக் கடைக்கு சரக்கு ஏத்தப் போகணும்," என்றான் வேன் டிரைவர். கெஞ்சினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேனை விட்டு இறங்கினால் வேறு எதுவும் இல்லை. நோரா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. மயிலாப்பூர் போயிடலாம். நம்ம கார் அங்கேதானே இருக்கு. அங்கேருந்து பத்து நிமிஷம்."

கிழக்கு மாட வீதியை அடைத்துப் பந்தல். நடுவில் வான்கார்ட், கழுத்தில் ஆளுயர மாலையோடு. காக்கி உடுப்பில் மெஹபூப் அலி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சுவாசிக்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார். மர்சலினைத் தூக்கிப் பின்னால் படுக்கவைத்தார்கள். காருக்கு முன்னால் ரிப்பன். ரிப்பனுக்கு முன்னால் மேடை. மேடைக்கு முன்னால் எழுநூறு பேர்.

"நிஜ வலி சார்! உடனே புறப்படணும்!" என்று விக்டர் ஸ்ரீனிவாசராகவனின் கையைப் பிடித்தார்.

"நிஜமாவா? ரொம்ப நன்னாப் போச்சு. இதோ, அஞ்சு நிமிஷம்."

தலைமை விருந்தினர் வரவில்லை. அவர் வரும்வரை பொன்ராஜ் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஏழைங்க இல்லேன்னா எங்களைப்போல உள்ளவங்க கதி என்ன? நெனச்சுப் பாருங்க. நாங்க யாருக்கு உதவி செய்வோம்? எந்த மேடையில ஏறுவோம்? இருபது வருசமா நான் மாலை போட்டுக்கிட்டு வாரேன்னா, அதுக்கு யாரு காரணம்? அந்த ஏழைங்கதான். அவங்க கஷ்டம் ஒருநாளும் கொறையக் கூடாதுன்னு நான் ஆண்டவனை வேண்டிக்கிடுதேன்—"

காருக்குள்ளிருந்து மர்சலின் வீறிட்டாள். எழுநூறு பேரும் கை தட்டினார்கள்.

பொன்ராஜ் நெகிழ்ந்துபோனார். ஸ்ரீனிவாசராகவன் ஓடிவந்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "பிரமாதம்மா. ஆனா தலைவர் வாக்கியத்தை முடிச்சப்புறம் கத்தினா இன்னும் எடுப்பா இருக்கும்."

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு," என்றாள் நோரா.

பத்தே முக்காலுக்குத் தலைமை விருந்தினர் வந்தார். பொன்னாடை. ரிப்பன். கத்தரிக்கோல் மொண்ணை, இன்னொன்று வந்தது. வெட்டினார். விக்டர் அவர் காரையாவது கேட்கலாம் என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். மாலை போட வந்த ஆள் என்று நினைத்து வரிசையில் பதினாலாவதாக நிற்கவைத்தார்கள். பதினோராவது மாலையோடு தலைமை விருந்தினர் கிளம்பிப்போய்விட்டார்.

விக்டர் திரும்பி ஓடிவந்து முன் சீட்டில் ஏறினார். "மெஹபூப் பாய், எடுங்க வண்டியை!"

வண்டி உறுமியது. ஆறு வருஷம் காத்திருந்த கால் கிளட்சை மிதித்தது. வான்கார்ட் நகர்ந்தது.

எதிரே நாகஸ்வரமும் தவிலும் ஆரம்பித்தன.

ஸ்ரீனிவாசராகவன் ஜன்னலோடு நடந்துகொண்டே நிகழ்ச்சி நிரலை நீட்டினார். "மூணாவது ஐட்டம். நாலு மாட வீதியும் வலம் வந்துட்டு, பந்தலுக்குத் திரும்பி, அங்கேருந்துதான் ஆஸ்பத்திரி. மேளம் முன்னே, வண்டி பின்னே. மேளத்தைத் தாண்டப்படாது. ஸ்வாமி புறப்பாட்டுக்கே அதான் வழக்கம்."

"இது ஸ்வாமி இல்லை சார்! ஆம்புலன்ஸ்!"

"அதுக்காக மரியாதை குறைஞ்சிடணுமா?"

* * *

மரியாதை குறையவில்லை. பத்தடிக்கு ஒரு கடை. கடைக்கு ஒரு மண்டகப்படி. நன்கொடை கொடுத்த கடை வாசலில் எல்லாம் வண்டி நின்றது. தேங்காய் உடைத்தார்கள். பானட்டுக்குச் சந்தனம் பூசினார்கள். பாத்திரக் கடைக்காரர் மனைவி கற்பூரத் தட்டோடு பின் ஜன்னலுக்கு வந்து, மர்சலினின் முகத்தைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். காரோ நத்தையாக ஊர்ந்தது. நாகஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ராகத்தை இழைத்துக்கொண்டிருந்தார்.

மர்சலின் நோராவின் கையைக் கடித்துவிட்டாள்.

"டீச்சரம்மா... போன தபா மாதிரியே ஆவுது டீச்சரம்மா... இதுவும் பூடுமா?"

"பேசாதே. மூச்சு விடு. மூணு நிமிஷம் விக்டர். மூணுதான்."

"மெஹபூப் பாய், ஹாரனை அடிச்சுத் தாண்டிப் போயிடுங்க!"

மெஹபூப் அலியின் தாடியில் வேர்வையோ கண்ணீரோ சொட்டிற்று. "எங்க சார் தாண்டறது? ரெண்டு பக்கமும் ஜனம். மேளத்துமேலதான் ஏத்தணும். தாண்டினா வேலையும் காலி, லைசென்சும் காலின்னு எழுதி வாங்கிக்கினு கீறாங்க. அஞ்சு புள்ளைங்க சார் எனக்கு."

விக்டர் இறங்கினார். குழாய் வழியே தெரிந்த துண்டுத் தெருவில், ஒரு தவிலின் பக்கவாட்டும் ஒரு தங்கச் சங்கிலியும் தெரிந்தன. சங்கிலியை நோக்கி நடந்து, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

நாகஸ்வரக்காரர் பெயர் வெள்ளைத்துரை. பொன்ராஜ் ஜில்லாக்காரர்; மேற்கு மாட வீதிப் பக்கம் குடியிருக்கிறவர். வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமலே புருவத்தைத் தூக்கினார்.

"ஐயா, வண்டிக்குள்ளே ஒரு பொண்ணு நிஜமாவே சாகப்போறா."

வெள்ளைத்துரை வாத்தியத்தை இறக்கினார். "நெசமாவா? நாடகம்னுல்லா சொன்னாங்க?" காரிடம் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு பார்வைதான். "அட பாவிகளா. நான் ஓரமா ஒதுங்கிக்கிடுதேன், நீங்க போங்க."

"ஓய், ஒதுங்கப்படாது!" ஸ்ரீனிவாசராகவன் பாய்ந்துவந்தார். "மேளம் முன்னாடி போனாத்தான் வண்டி பின்னாடி வரும். நாலு வீதிக்குப் பேசி அட்வான்ஸ் வாங்கிண்டிருக்கீர்!"

வெள்ளைத்துரை அவரை ஒரு கணம் பார்த்தார். காரைப் பார்த்தார். வான்கார்டின் பானட், கல்யாணத்து ஜமக்காளம் மாதிரி அகலம்.

"மேளம் முன்னால போணும். அம்புட்டுத்தானே சாமி?"

"அவ்வளவுதான்."

"ஏறும்வே," என்றார் தவில்காரரிடம்.

தவில்காரர் ஏறினார். வெள்ளைத்துரை ஏறினார். சந்தனம் பூசிய பானட்டின்மேல் இரண்டு பேரும் சம்மணம் போட்டு, மாலையில் ஒரு கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விக்டர் முன் சீட்டுக்குத் திரும்பினார். மேளம் வண்டிக்கு முன்னால் இருந்தது. விதி ஒரு விரல்கடைகூட மீறப்படவில்லை. மெஹபூப் அலி அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டார்.

பிறகு ஆறு வருஷ ஆக்சிலரேட்டரையும் ஒரே மிதியாக மிதித்தார்.

லஸ் முனையில் நின்ற டிராபிக் போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மாலையோடு ஒரு வண்டி, மேலே நாகஸ்வரம், கதவில் நாற்பத்திரண்டு பேர். கல்யாணமா, கட்சியா, கடவுளா? எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் நிறுத்தி சல்யூட் அடித்தார். ராயப்பேட்டை நெடுகிலும் பஸ்கள் ஒதுங்கின. வெள்ளைத்துரைக்கு விரல் ஓடவில்லை, காற்றே வாய்க்குள் புகுந்து வாசித்தது. தவில்காரர் இரண்டு கையாலும் பானட்டையே பிடித்துக்கொண்டு, முழங்காலால் தாளம் போட்டார். பின்னால் சபை அங்கத்தினர்கள் லஸ் வரைக்கும் ஓடிவந்து, ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

கோஷா ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. கதவு மூடிற்று. விக்டர் மூடின கதவின் முன்னால் நின்றார். அவருக்குத் தெரிந்தது கதவின் கைப்பிடி மட்டும்தான். அதையே இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பிடி திரும்பிற்று.

"பொண்ணு," என்றாள் நோரா. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

* * *

புரட்டாசி ஏகாதசியன்று சபை அவசரக் கூட்டம் போட்டது. தீர்மானங்களின் நகல் விக்டருக்குத் தபாலில் வந்தது. நோரா படித்தாள்.

"'ஊர்வலம் கிழக்கு மாட வீதியிலேயே முறிந்தது வருந்தத்தக்கது. எனினும் மேளம் இறுதிவரை வாகனத்துக்கு முன்பாகவே சென்றதாகச் சாட்சிகள் கூறுவதால் விழா செல்லும். வாகனம் ஏற்கப்பட்டது.'"

"அப்பாடா," என்றார் விக்டர்.

"இருங்க. 'முதல் பயணத்தில் கடைப்பிடித்த முறையே இனிச் சபையின் மரபு. ஆகவே வாகனம் எப்போது, எதற்காகப் புறப்பட்டாலும் பானட்டின்மீது நாகஸ்வரம் அமர்ந்து வாசித்தாக வேண்டும். ஊதியமின்றிச் சேவை செய்ய ஒருவர் முன்வரும்வரை வாகனம் ஷெட்டில் பத்திரமாக வைக்கப்படும்.'"

நோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விக்டர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். மர்சலின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ எத்தனை பேரும்மா?"

மர்சலின் விரல் விட்டாள். "அஞ்சு பேரு கீறாங்க சார். மொதல்ல எங்க நாத்தனாரு. ஐப்பசி பத்து. இன்னா சார், ஆம்புலன்சு வந்துடும்ல?"

விக்டர் அங்கிருந்து நேரே பஸ் ஏறி மேற்கு மாட வீதியில் இறங்கினார். வெள்ளைத்துரை வீட்டு மாடிப்படியைக் கையால் தடவிக்கொண்டே ஏறினார். தீர்மானத்தைச் சொன்னார்.

"ஐப்பசி, கார்த்திகை எனக்கு முகூர்த்தம் தலைக்கு மேல கெடக்கு சார்," என்றார் வெள்ளைத்துரை வருத்தமாக. "ஆள் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் என்னால எப்படி வர முடியும்?"

"உங்களைக் கூப்பிட வரலை. எனக்கு ஊதக் கத்துக்கொடுங்க."

வெள்ளைத்துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வயசென்ன?"

"அம்பத்தொன்பது."

"சத்தம் சுத்தமா வரவே ஒரு வருசம் ஆகும். ராகம் பெறவு."

"தீர்மானத்திலே ராகம் பேர் ஒண்ணும் போடலை. நோரா ரெண்டு தடவை படிச்சா."

"மொதப் பிரசவம் என்னிக்கு?"

"ஐப்பசி பத்து."

வெள்ளைத்துரை காலண்டரைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார், பக்கத்துப் போர்ஷன்காரர்களை உத்தேசித்து. பழைய நாகஸ்வரம் ஒன்றை எடுத்துத் துடைத்து, சீவாளியைப் பொருத்தி, விக்டரின் கையில் கொடுத்தார்.

"மூச்சை இழுங்க... அது பெருமூச்சு சார். அது வேண்டாம். வயித்துலேருந்து இழுங்க. ம், இப்ப ஊதுங்க."

விக்டர் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பில் இருந்த அத்தனை காற்றையும் உள்ளே விட்டார்.

கீழே, தெருவை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பஸ் அலறிப் புடைத்து இடது ஓரமாக ஒதுங்கி வழி விட்டது.

வெள்ளைத்துரை ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"போதும் சார்," என்றார். "ஆம்புலன்சுக்கு இது போதும்."